குலை வெட்டும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது? இதயம், நுரையீரல், எலும்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

காலை ஏழரை மணி. பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வெட்டுக்காரர் ஒருவர் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளைத் தூக்கி, தலைக்கு மேலே எங்கோ இருக்கும் குலையின் காம்பில் மாட்டுகிறார். ஒரே இழுப்பு. இருபது கிலோ குலை தொப்பென்று விழுகிறது. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். பத்து மரம் ஆவதற்குள் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தோள் கனக்கிறது.

மூச்சு, நெஞ்சு, தோள். பள்ளிக்கூட அறிவியலில் இவை தனித்தனிப் பாடங்கள். சுவாசத்துக்கு ஒரு படம், இரத்த ஓட்டத்துக்கு ஒரு படம், எலும்புக்கூட்டுக்கு ஒரு படம். பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் "ஓடினால் ஏன் மூச்சும் நெஞ்சடிப்பும் சேர்ந்தே ஏறுகின்றன?" என்று கேட்டால் முழிப்பார்கள். பிரித்துப் பிரித்துப் படித்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். இந்த மூன்றும் ஒரே வேலையைத்தான் பங்கு போட்டுச் செய்கின்றன: வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் கால் விரலில் இருக்கும் தசை வரைக்கும் கொண்டு சேர்ப்பது. அந்த ஆக்சிஜன் போகிற வழியிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம். ஆனால் புறப்பட வேண்டிய இடம் மூக்கு அல்ல, எலும்பு.

எலும்புக்குள் ஊறும் இரத்தம்

ஆக்சிஜனைச் சுமப்பவை இரத்தத்தின் சிவப்பணுக்கள். அவை எங்கே பிறக்கின்றன என்று கேட்டால் பலர் நெஞ்சைக் காட்டுவார்கள். உண்மையில் மார்பெலும்பு, விலா எலும்புகள், முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் உள்ளே, நுண்துளைகள் நிறைந்த பகுதியில், சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. சிவப்பணுக்கள் உருவாவது அங்கேதான். வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. நீங்கள் தூங்கும்போதும் இந்த வேலை நிற்காது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். அதனால் புதிது வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரத்த தானம் செய்தால் உடம்பு வற்றிப்போகும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். கொடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஈடாகும்.

இன்னும் எத்தனை சிவப்பணு வேண்டும் என்று மஜ்ஜைக்கு உத்தரவு போடுவது யார் தெரியுமா? சிறுநீரகம். தன்னிடம் வரும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அது எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அந்தச் செய்தி கிடைத்ததும் மஜ்ஜை வேகமெடுக்கும். இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்பவர்கள் நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு இரத்தசோகை வருவதும், அதற்கென்று தனியாக ஊசி போடுவதும் இதனால்தான். உத்தரவு போட வேண்டிய இடமே பழுதாகிவிட்டது.

எலும்பு என்றாலே செத்துக் காய்ந்துபோன ஒன்று என்ற நினைப்பு நமக்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் தொங்கும் மாதிரி எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகியதால் வந்த வினை. உயிருள்ள எலும்புக்கு இரத்தக் குழாயும் உண்டு, நரம்பும் உண்டு. ஒரு வகை அணுக்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும், இன்னொரு வகை அணுக்கள் பின்னாலேயே வந்து புதிதாகக் கட்டும். ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. பிறந்த குழந்தையிடம் கிட்டத்தட்ட 300 துண்டுகள் இருக்கும். வளர வளரச் சில ஒன்றோடொன்று ஒட்டி 206 ஆகும். அதில் 106 எலும்புகள் கைகளிலும் பாதங்களிலும் மட்டுமே இருக்கின்றன. குலை வெட்டவும் பால்மரம் (ரப்பர் மரம்) சீவவும் விரல்கள் இவ்வளவு நுணுக்கமாக வளைவது சும்மா இல்லை.

நுரையீரல் தானாக விரியாது

சரி, சிவப்பணு தயார். அதில் ஏற்ற ஆக்சிஜன் வேண்டுமே.

நுரையீரலுக்குத் தன்னை விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. அதை விரிப்பவை எலும்பும், அதைச் சுற்றியுள்ள தசையும்தான். விலா எலும்புகள் 12 ஜோடி. எல்லாம் பின்னால் முதுகெலும்பில் மாட்டியிருக்கின்றன. முன்னால் மேல் ஏழு ஜோடிகள் குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்போடு சேரும். அடுத்த மூன்றும் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பிடித்துக்கொள்ளும். கடைசி இரண்டு ஜோடிகள் முன்னால் எதையும் தொடாமல் நின்றுவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற அகலமான தசை மேல்நோக்கி வளைந்து கிடக்கிறது.

உங்கள் இரண்டு கைகளையும் விலாவின் பக்கவாட்டில் வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கைகள் வெளியே தள்ளப்படும். உதரவிதானம் தட்டையாகிக் கீழே இறங்குகிறது, விலாக்கள் மேலும் வெளியுமாக உயர்கின்றன. நெஞ்சுக்குள் இடம் பெரிதாகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. அதாவது காற்று வந்து நெஞ்சு விரிவதில்லை. நெஞ்சு விரிவதால்தான் காற்று வருகிறது. இதை மாற்றிப் புரிந்துகொண்டவர்கள்தான் அதிகம். மூச்சை விடும்போது, சும்மா இருக்கும் நேரத்தில், எந்த முயற்சியும் தேவையில்லை. தசைகள் தளர்ந்தால் நுரையீரல் தன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். விலா எலும்பு உடைந்தவர் முழு மூச்சு எடுக்க அஞ்சுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

ஓய்வில் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை. எவ்வளவு ஊதித் தள்ளினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே தங்கிவிடும். அதை வெளியேற்ற நம்மால் முடியாது.

உள்ளே போன காற்று மூச்சுக்குழலில் இறங்கி இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. இப்படி ஏறக்குறைய 23 முறை பிரிந்து, 30 கோடிக்கும் மேலான குட்டிக் காற்றறைகளில் போய் முடிகிறது. அவற்றை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். பள்ளி மண்டபத்துப் பூப்பந்துத் தளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இவ்வளவு பரப்பையும் மடித்து விலாக்கூட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு காற்றறையையும் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிட மெல்லியது. குழாய் மிகக் குறுகல். சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் போக முடியும். ஓய்வில் ஒரு சிவப்பணு இந்த இடத்தைக் கடக்க எடுக்கும் நேரம் முக்கால் நொடி. ஆக்சிஜன் ஏறி முடிக்கக் கால் நொடியே போதும். கடினமாக வேலை செய்யும்போது இரத்தம் வேகமாக ஓடி அந்த முக்கால் நொடி சுருங்கினாலும், ஆரோக்கியமான நுரையீரலில் சரக்கு ஏறாமல் போவதில்லை.

அப்படியானால் பத்து மரத்துக்கு அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது? ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் மூளையின் அடித்தண்டு முக்கியமாகக் கவனிப்பது கரியமில வாயுவை. தசை வேலை செய்யச் செய்ய அந்த வாயு இரத்தத்தில் கூடுகிறது. இரத்தம் கொஞ்சம் அமிலமாகத் திரும்பினாலே "வேகமாக மூச்சு விடு" என்று கட்டளை வந்துவிடும். நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. வெளியே விடும் காற்றிலும் அது இன்னும் 16 விழுக்காடு இருக்கிறது. இழுத்ததில் பெரும்பகுதியை நாம் பயன்படுத்துவதே இல்லை.

புகைமூட்டம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலையே அறிவித்தார்கள். குறியீடு 100-ஐத் தாண்டினாலே ஆரோக்கியமற்ற நிலை என்று கணக்கு. பெரிய தூசியை மூக்கு முடி பிடித்துவிடும். அதைத் தப்பி வருவது மூச்சுக்குழலின் சளியில் ஒட்டும். அங்குள்ள நுண்மயிர்கள் அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் புகையில் வரும் துகள்களில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை இந்தக் காவலை எல்லாம் தாண்டிக் காற்றறை வரைக்கும் போய்விடும். அங்கே நுண்மயிர் கிடையாது. சிகரெட் புகைப்பவருக்கு மேலே உள்ள நுண்மயிர்களும் முடங்கிப்போகின்றன. போதாக்குறைக்குப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை 200 மடங்குக்கும் அதிகமான பிடியோடு பிடித்துக்கொள்கிறது. சிவப்பணு வருகிறது, போகிறது, ஆனால் ஆக்சிஜனுக்கு இடமில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாமல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சளியைச் சோதித்துவிடுங்கள். காசநோய் பழைய காலத்து நோய் இல்லை, இன்னும் இருக்கிறது.

ஒரே இதயம், இரண்டு சுற்று

ஆக்சிஜன் ஏறிய சிவப்பணு நுரையீரலிலிருந்து நேராக உடம்புக்குப் போவதில்லை. முதலில் இதயத்தின் இடப்பக்கத்துக்கு வர வேண்டும்.

இதயம் நம் கைமுட்டி அளவு, எடை சுமார் 300 கிராம். நெஞ்சின் நடுவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அதற்கு இடம் விடத்தான் இடது நுரையீரல் சற்றுச் சிறியது. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. உடம்பைச் சுற்றி ஆக்சிஜனை இழந்து வந்த இரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறையில் இறங்கி, நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறையிலிருந்து உடம்பு முழுவதும் தள்ளப்படுகிறது. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்பும் வலது கீழறையின் சுவர் மெல்லியது. உச்சந்தலை முதல் பாதம் வரை அனுப்பும் இடது கீழறையின் சுவர் அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் பாடத்தின் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இது இன்றைக்கு ஆண்டு ஐந்து பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர், இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்றார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் நஃபீஸ் என்ற அரபு மருத்துவர், அந்தச் சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதினார். 1628-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு இவ்வளவு இரத்தம், அரை மணிக்கு இத்தனை துடிப்பு என்று பெருக்கினால், சாப்பாட்டிலிருந்து அவ்வளவு இரத்தம் புதிதாக உண்டாக வழியே இல்லை. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பெருக்கல் கணக்கால் கண்டுபிடித்த உண்மை இது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியையும் திரும்பக் கொண்டுவரும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் பார்த்ததில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்துக் காட்டினார்.

ஹார்வியின் கணக்கை நாமும் போடலாம். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். நம் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஓய்வில் நிமிடத்துக்கு ஒரு சுற்று. நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு. குலை வெட்டுபவரின் இதயம் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். வெயிலில் வியர்த்து நீர் வற்றினால் இரத்தத்தின் அளவு குறையும். போதாததற்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போயாக வேண்டும். ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் இரத்தம் குறைவதால் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவது தவிர இதயத்துக்கு வேறு வழியில்லை. காட்டுக்குப் போகும்போது தண்ணீர் போத்தலை மறக்காதே என்று வீட்டில் சொல்வது தாகத்துக்காக மட்டும் இல்லை.

டாக்டர் குழாய் வைத்துக் கேட்கும் "லப் டப்" தசை சுருங்கும் சத்தம் அல்ல, வால்வுகள் மூடும் சத்தம். முதல் சத்தம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வுகளுடையது. இரண்டாவது, இரத்தம் வெளியே போன பிறகு வாசல் வால்வுகள் மூடுவது.

இதயத்தின் வழியாக இவ்வளவு இரத்தம் போனாலும், அறைக்குள் ஓடும் அந்த இரத்தத்திலிருந்து இதயத் தசை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனியின் தொடக்கத்திலேயே பிரியும் இரண்டு சிறிய தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் சுருங்கும்போது அந்தத் தமனிகளின் கிளைகளும் நசுங்கிவிடும். அதனால் இடது பக்கத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமாக வேகமாக இடைவெளி குறையும். தேவை கூடுகிற நேரத்தில் கிடைக்கும் நேரம் குறைகிறது. தமனியில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறினால் நெஞ்சு அடைக்கும், நின்றால் சரியாகிவிடும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரே பதில் "வாயுதான், ஓமத் தண்ணி குடி". நடந்தால் வந்து நின்றால் போகிற நெஞ்சு வலியை வாயு என்று தள்ளிவிடாதீர்கள். வலி இடது கைக்கும் தாடைக்கும் பரவி, குளிர்ந்து வியர்த்து, ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் மாரடைப்பாக இருக்கலாம், உடனே 999. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். திடீர் மூச்சுத் திணறல் மட்டும்தான் அடையாளமாக இருக்கலாம்.

மறுபடி எலும்பு

ஆக்சிஜன் தசைக்குப் போய்ச் சேர்ந்தது. தசை சுருங்கி எலும்பை இழுக்கிறது, அரிவாள் நகர்கிறது. காண்டாவாளி (தோள்கம்பின் இரு முனையிலும் தொங்கும் ரப்பர் பால் வாளி) தூக்கிய காலத்தில் பாலின் பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். அந்தத் தோளையும் கையையும் உடம்புக்கூட்டோடு இணைக்கும் ஒரே எலும்பு, மெலிந்த காறை எலும்புதான். அப்புறம் பாரம் முதுகெலும்புக்கு. அதன் துண்டுகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் பகலில் அழுந்தி நீரை இழக்கும், படுத்தால் திரும்ப உறிஞ்சும். காலையில் நாம் மாலையைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம். குலையைக் குனிந்து முதுகால் தூக்காமல், முழங்காலை மடக்கி உடம்போடு அணைத்துத் தூக்கச் சொல்வது இந்த வட்டுகளைக் காப்பாற்றத்தான்.

ஆனால் எலும்பின் வேலைகளில் எனக்கு மிகவும் வியப்பானது வேறொன்று. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கவும் கால்சியம் தேவை. உடம்பின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் குறைந்தாலும், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுத்து இதயத்தின் துடிப்பைக் காப்பாற்றும். சாப்பாட்டில் வராவிட்டால் எலும்பிலிருந்து போகும். முப்பது வயதுக்குள் சேர்த்துவைத்ததுதான் பெரும்பாலும் கையிருப்பு. நெத்திலி, கீரை, பால், கொஞ்சம் வெயில் எல்லாம் பிள்ளைகளுக்கு அந்த வயதுக்குள் கிடைக்க வேண்டும்.

மூன்றும் எவ்வளவு நெருக்கம் என்பது யாராவது பேச்சுமூச்சற்று விழும்போது தெரியும். ஆள் அசைவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் 999-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கைமேல் மறுகை வைத்து அழுத்த வேண்டும். ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இதயம் நசுங்கி இரத்தம் மூளைக்குப் போகும். கையைத் தளர்த்தினால் விலாக்கள் குருத்தெலும்பின் வளைவால் மேலே திரும்பும், இதயம் மறுபடி நிரம்பும். அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சை முழுமையாக மேலே வரவிடுங்கள். விலா "மடக்" என்று உடைந்தாலும் பயந்து நிறுத்த வேண்டாம், உடைந்த விலா சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து உள்பாதைக்கு ஆம்புலன்ஸ் வர நேரமாகும். ஒருவரை முச்சந்திக்கு அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள். அழுத்துபவர் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார், அடுத்தவர் தயாராக நிற்கட்டும்.